ஏந்துவதும் இறக்குவதும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், மாலை ஆறு மணிக்கு வண்டிகளைத் தடுத்து நிறுத்தி, நடப்பவர்களுக்கு அந்தச் சாலை முழுவதையும் ஒப்படைத்துவிட்டபின், காற்று வாங்கிக்கொண்டு உலாவுகின்ற எவரும், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒன்றையொன்று மறுத்துப் பேசுவனபோல் நிற்கின்ற இரண்டு சின்னங்களுக்கு நடுவே நடந்து போகிறார்கள். கடலோரத்தில், செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று சொல்லப்படும் எட்டுக் கற்றூண்கள் சூழ்ந்து நிற்க, கைத்தடியோடு காந்தியடிகள் காட்சி தருகிறார். அதற்குச் சற்றுத் தள்ளி, சாலையின் மறுபுறத்தில், முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவாக 1930-களில் எழுப்பப்பட்ட போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஒன்றின் அடியில் குழந்தைகள் சறுக்கி விளையாடுகின்றன. மற்றொன்றின் அடியில் ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று மலர்வளையம் வைக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக இவற்றின் இடையே நடந்து பழகிய எனக்கு, இவ்விரண்டில் எது எங்கள் ஊரின் உண்மையான குரல் என்ற ஐயம் நெடுநாள் இருந்ததுண்டு.

சென்ற மாதம் ஒரு மாலையில் அங்கே நான் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் தெருவில் நாலு தலைமுறையாகப் பழகிய ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் வந்து அருகில் அமர்ந்தார்கள். மூத்தவனுக்கு வயது 26. பொறியியல் படித்து, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அந்த வேலையை விடாமலே, டெரிட்டோரியல் ஆர்மி என்கிற பிராந்திய ராணுவத்தில் அதிகாரியாகச் சேர விண்ணப்பிக்கலாமா என்பது அவன் யோசனை. இளையவள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். லாஸ்பேட்டை விமான நிலையத்து வேலிக்கு வெளியே தகப்பனார் தோளில் உட்கார்ந்து விமானம் இறங்கியதைப் பார்த்த நாள் முதலாகப் பைலட் ஆவது ஒன்றே தன் இலட்சியம் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. தகப்பனார் கணக்குப் போடுகிறார். பாட்டி விளக்கேற்றும்போது கண்கலங்குகிறாள். தாயார் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்கிறார்.

"நீங்க என்ன தாத்தா சொல்றீங்க? செய்யலாமா, வேணாமா?" என்றான் அவன்.

எப்படி விண்ணப்பிப்பது, எந்தத் தேர்வை எப்போது எழுதுவது என்பதையெல்லாம் அவர்கள் என்னைக் காட்டிலும் நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது தர்ம விசாரம். ஆயுதத்தை ஏந்துவதும், பல உயிர்களைச் சுமந்துகொண்டு ஆகாயத்தில் ஏறுவதும் ஒரு மனிதன் மனமறிந்து மேற்கொள்ளத்தக்க காரியங்களா, மேற்கொண்டால் எந்த மனநிலையில் மேற்கொள்ள வேண்டும் என்பதே அந்தக் கேள்வியின் உட்பொருள். அன்று வாயால் நான் சொன்ன விடை அரைகுறையானது. எஞ்சியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதற்கண், இந்தக் கேள்வி எங்கள் ஊருக்குப் புதியதன்று. பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்தவர்களை இங்கே 'சொல்தா' என்போம். சொல்தா வீடு, சொல்தா பென்ஷன், சொல்தா மாப்பிள்ளை என்று அந்தச் சொல் எங்கள் பேச்சில் கறிவேப்பிலையைப்போல் கலந்துவிட்டது. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைப்பு நிறைவேறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படி வைத்துக்கொண்ட குடும்பங்களிலிருந்து, அதன் பின்னும் பல்லாண்டுக் காலம், இளைஞர்கள் பிரான்சுக்குக் கப்பலேறிப் படைச் சேவை செய்து வந்தார்கள். என் அருகில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கொள்ளுத்தாத்தாவும் ஒரு சொல்தாதான். இந்தோசீனாவில் பணிபுரிந்து, அங்கே பிரான்சு தோற்று வெளியேறியபின் ஊர் திரும்பியவர். அவரைப்பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த மனிதர்கள் யாருக்காகப் போரிட்டார்கள்? தங்களைப்போலவே அந்நிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த வியட்நாமியர்மீது, தங்களை ஆண்ட அந்நியருக்காகத் துப்பாக்கி தூக்கினார்கள் என்று கடுமையாகச் சொல்லலாம். நாலு வயிறு நிறையவும், ஒரு கல்வீடு எழும்பவும், தங்கை கழுத்தில் தாலி ஏறவும், கைக்கு எட்டிய ஒரே தொழிலைச் செய்தார்கள் என்று இரங்கியும் சொல்லலாம். இரண்டும் மெய்யாக இருப்பதனால்தான் இக்கேள்வி எளிதில் தீருவதாயில்லை.

காந்தியடிகளைக் கேட்டால் தீர்ந்துவிடும் என்று நினைப்போமானால், அவர் நம்மை மேலும் திகைப்பில் ஆழ்த்துவார். 1934 பிப்ரவரி 17-ஆம் நாள் இந்தப் புதுச்சேரிக்கும் வந்து சென்ற அந்த மகான், 1899-இல் போயர் யுத்தத்தின்போது காயமுற்றோரைச் சுமக்கும் இந்தியர் படையொன்றைத் திரட்டியவர். 1918-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பிரிட்டிஷ் சேனைக்கு ஆள் சேர்ப்பதற்காக ஊர் ஊராகக் கால்நடையாகத் திரிந்தவர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, அதே ஊர்களில், அவர் நடத்திய வரிகொடாச் சத்தியாக்கிரகத்துக்கு வண்டிகளைக் கூலி வாங்காமல் அனுப்பிவைத்த குடியானவர்கள், சேனைக்கு ஆள் கேட்டுப் போனபோது கூலிக்குக்கூட வண்டி தரத் தயங்கினார்கள். அலைச்சல் மிகுந்து, உடல் நைந்து, அவ்வாண்டு அவர் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். அகிம்சையின் வடிவம் என்று நாம் கல்லில் நிறுத்தியிருக்கும் மனிதரின் வாழ்விலேயே இந்த முடிச்சு விழுந்திருந்தது.

இதே ஊரில், 1910 ஏப்ரல் 4-ஆம் நாள் வந்திறங்கி இறுதிவரை தங்கிவிட்ட ஸ்ரீ அரவிந்தரோ, இந்த முடிச்சை நேருக்கு நேர் பார்த்தவர். அவர் 'ஆர்யா' என்னும் பத்திரிகையைத் தொடங்கியது 1914 ஆகஸ்டில். ஐரோப்பா தீப்பற்றிய அதே மாதம். மகாயுத்தம் நடந்துகொண்டிருக்கையிலேயே கீதையைப்பற்றிய நெடிய கட்டுரைத் தொடரை அதில் எழுதலானார்; குருக்ஷேத்திரத்தை உருவகம் என்று மழுப்பிவிடாமல், இரத்தம் சிந்தும் மெய்யான போர்க்களமாகவே கொண்டு ஆராய்ந்தார். 1940-இல் ஹிட்லரை எதிர்த்து நின்ற நேச நாடுகளின் யுத்த நிதிக்குத் தம் பங்காகப் பணம் அனுப்பியபோது, பிரிட்டிஷாரை ஒரு காலத்தில் அவ்வளவு கடுமையாக எதிர்த்தவரா இப்படி என்று பலர் வியந்தார்கள். பாரதியார் கீதையைத் தமிழில் பெயர்த்ததும் இங்கே வாழ்ந்த ஆண்டுகளில்தான். ஆக, அர்ச்சுனனின் கேள்வி இந்தக் கடற்கரைக்குப் பழக்கமான கேள்வி.

திருவள்ளுவர் இதை விளக்கியது நூலின் வைப்புமுறையால் என்பது என் துணிபு. கொல்லாமையைப் பேசும் அதிகாரத்தை அவர் அறத்துப்பாலில், துறவறவியலில் வைத்தார்; படைமாட்சி, படைச்செருக்கு என்னும் இரண்டு அதிகாரங்களைப் பொருட்பாலில், அரசின் உறுப்புகளைக் கூறும் பகுதியில் வைத்தார். ஒன்றை எழுதியபோது மற்றொன்றை மறந்துவிட்டார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முற்றத் துறந்தவனுக்குரிய நெறி ஒன்று; பிறரைக் காக்கும் பொறுப்பை ஏற்றவனுக்குரிய நெறி ஒன்று. காவலை ஏற்றவன் துறவியைப்போல் நடந்தால் அவனை நம்பியவர்கள் அழிவார்கள். ஆனால் துறவியின் நெறியை அவன் காதால்கூடக் கேட்டதில்லையென்றால் அவனே மற்றவர்களை அழிப்பவனாகிவிடுவான். இந்த இருவகை அதிகாரங்களும் ஒரே நூலுக்குள் கட்டப்பட்டிருப்பதுபோல, இரண்டு நெறிகளும் ஒரே நெஞ்சுக்குள் இருக்கமுடியுமா என்பதே படையில் சேர விரும்பும் இளைஞன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது.

முடியும் என்பதற்கு நம்மிடம் சான்று உண்டு. சேக்கிழார், தாமே சோழப் பேரரசின் அமைச்சராக இருந்து படைகளின் புறப்பாட்டையும் வருகையையும் கண்டவராதலால், பெரியபுராணத்துள் வாள் பிடித்த அடியார்களைக் கூச்சமின்றி நிறுத்தினார். அவர்களுள் மூவர் இந்தப் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர்கள்.

முதலாமவர் முனையடுவார். சோழநாட்டுத் திருநீடூரைச் சேர்ந்த இவர், போரில் தோற்றவர்கள் வந்து பொருள் கொடுத்து வேண்டினால், அவர்களுக்காகச் சென்று போரிட்டு வென்று, பெற்ற கூலியை அடியார்களுக்கு அமுதூட்டச் செலவிட்டவர். கூலிக்குப் போர் செய்தவரை நாயன்மார் வரிசையில் வைத்திருப்பது எனக்கு இளமையில் உறுத்தலாக இருந்தது. எங்கள் தெருச் சொல்தாக்களை நினைத்துப் பார்த்தபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று. கூலி வாங்குவது இழிவன்று. அதை மறைத்து, தேசபக்தி என்னும் பட்டாடையைப் போர்த்தித் தன்னையே ஏமாற்றிக்கொள்வதுதான் இழிவு. ஆகவே முதல் அறிவுரை, கணக்கை நேர்மையாகப் பார்த்துக்கொள் என்பது.

பிராந்திய ராணுவம் முழுநேர வேலை தரும் இடமன்று. 18 முதல் 42 வயதுக்குள் இருக்கும் பட்டதாரி, ஏற்கனவே வருமானமுள்ள ஒரு தொழிலில் இருந்தால்தான் அதிகாரியாக விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வும் நேர்முகமும் மருத்துவப் பரிசோதனையும் கடந்து சேர்ந்தபின், ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு மாதம் பயிற்சிக்குச் செல்லவேண்டும். மற்ற மாதங்களில் அவன் பழையபடி தொழிற்சாலைக்குப் போகும் குடிமகன். படையோடு இணைக்கப்பட்டு மெய்யாகவே பணியாற்றிய காலம்தான் பென்ஷனுக்குக் கணக்கில் வரும். அதிகாரிக்கு அப்படி 20 ஆண்டுகள் சேரவேண்டும் என்பதால், சொல்தா தாத்தாவுக்கு வந்ததுபோல் நமக்கும் மாதாமாதம் வரும் என்று எண்ணிச் சேருபவன் ஏமாறுவான். "ரெண்டு மாசம் லீவு குடுப்பாங்களா தம்பி, முதலாளிகிட்டக் கேட்டியா?" என்று நான் கேட்டதற்கு அவன் தலைகுனிந்தான். இது அற்பக் கேள்வியாகத் தோன்றும். இரண்டு மாதச் சம்பளமும், வயதான தாயாரும், கட்டவேண்டிய வீட்டுக் கடனும் ஒருவனுடைய தர்மத்தின் பகுதிகள். அவற்றை உதறிவிட்டுப் போகின்ற வீரம், வேறொருவர் தலையில் சுமையை ஏற்றிவிட்டு எடுத்துக்கொள்ளும் அலங்காரம்.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆண்டுக்கு இரண்டு மாதம் சீருடை அணிந்து படம் பிடித்துக்கொள்ளும் சங்கமன்று அது. 1962, 1965, 1971 ஆகிய மூன்று போர்களிலும் அந்தப் படை அழைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில், எல்லையில் மோதல் மூண்ட அந்த நாட்களில், அதன் 32 காலாட்படைப் பட்டாளங்களுள் 14-ஐப் பணிக்கு இணைத்துக்கொள்ள அரசு ராணுவத் தளபதிக்கு அதிகாரம் அளித்தது. கூலியின் கணக்கைப் பார்த்தவன், இந்தக் கணக்கையும் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டுதான் கையெழுத்திடவேண்டும்.

இரண்டாமவர் பரஞ்சோதியார், பின்னாளில் சிறுத்தொண்டர். ஆயுர்வேதமும் வடநூற் கலைகளும் படைக்கலத் தொழிலும் யானையேற்றமும் குதிரையேற்றமும் ஒருங்கே பயின்ற இவர், பல்லவனின் தண்டநாயகராகச் சென்று வாதாபியைத் தூளாக்கி, மணியும் யானையும் குதிரையும் கவர்ந்து வந்து மன்னன் முன் நிறுத்தினார். ஏழாம் நூற்றாண்டின் நடுவில், முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில் நடந்த போர் இது என்பர் சரித்திர ஆசிரியர். இத்தகைய வலிமை இவருக்கு எங்ஙனம் வாய்த்தது என்று மன்னன் வியக்க, இவர் சிவனடியார் என்று அமைச்சர்கள் சொல்ல, ஐயோ, ஓர் அடியவரையா கொடும்போருக்கு அனுப்பினேன் என்று அரசன் அஞ்சிப் பொறுத்தருள வேண்டுகிறான். அதற்கு அவர் சொல்லும் மறுமொழிதான் எனக்கு வியப்பு. தமக்கு முறைப்படி வாய்த்த தொழிலைத் தாம் செய்ததில் என்ன தீங்கு என்று அமைதியாகக் கேட்கிறார். தம்மைப் போருக்கு அனுப்பிய மன்னனைக் குறைகூறவில்லை. வென்றதற்காகப் பெருமிதமும் கொள்ளவில்லை. மன்னன் விடைகொடுத்தவுடன், நிறைந்த நிதியைப் பெற்றுத் தம் ஊராகிய திருச்செங்காட்டங்குடிக்குச் சென்று, அடியார்க்கு இலையிட்டு அமுது படைக்கும் வாழ்க்கையைத் தொடங்கிவிட்டார். வாதாபியில் வாள் பிடித்த கை, அடியவர் இலைமுன் பணிந்து பரிமாறியது.

பிராந்திய ராணுவ வீரனுக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான முன்னோடி யாருமில்லை. வாழ்நாளில் ஒருமுறை பரஞ்சோதியார் செய்ததை, இவன் ஆண்டுதோறும் செய்யவேண்டும்: சீருடையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு இயந்திரத்தின்முன் நிற்கவேண்டும். முகாமில் இவன் சொன்னால் முப்பது பேர் எழுந்து நின்றார்கள். தொழிற்சாலையில் இவனுக்கு மேல் நாலு மேலாளர்கள். அந்த இறக்கத்தை மனம் தாங்காமல், மனைவியிடமும் பேருந்து நடத்துனரிடமும் கட்டளைக் குரலில் பேசத் தொடங்குபவன், படைக்கும் வீட்டுக்கும் ஒருசேரப் பயனற்றுப் போகிறான். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் இந்தச் சோதனை இன்னும் கூர்மையாகிவிட்டது. நான்கு ஆண்டுகள் பணியாற்றிய அக்னிவீரர்களில் நால்வரில் ஒருவர்வரையே நிலையாகச் சேர்த்துக்கொள்ளப்பட, மற்றவர்கள் இருபத்தைந்து வயதை எட்டுமுன்னரேகூட ஆயுதத்தை இறக்கி வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பவேண்டும். ஏந்தக் கற்றுத்தர முகாம்கள் உண்டு. இறக்கக் கற்றுத்தர யார் இருக்கிறார்கள்?

இதை நினைக்கும்போதெல்லாம் ராஜாஜி என் மனத்தில் தோன்றுவார். 1948-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த பிராந்திய ராணுவத்தை, 1949 அக்டோபர் 9-ஆம் நாள் கவர்னர் ஜெனரல் என்ற முறையில் தொடங்கிவைத்தவர் அவர்தான். அதே மனிதர், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 83 வயதில், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்பதற்காகவே கடல் கடந்து அமெரிக்கா சென்று ஜனாதிபதி கென்னடியைக் கண்டு பேசினார். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. படை தொடங்கிவைக்கத் தெரிந்தவர், எந்த ஆயுதத்தைக் கையில் எடுக்கவே கூடாது என்பதையும் அறிந்திருந்தார். பாரதத்தைத் தமிழில் எழுதிய கையல்லவா அது?

ஆனால் பரஞ்சோதியாரின் மறுமொழியை எல்லோரும் எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது. தொழிலைச் செய்தேன், தீங்கென்ன என்பது, கொடுங்கோலனின் கையாளும் சொல்லக்கூடிய சொல். 1987 முதல் 1990 வரை இந்தியப் படை இலங்கையில் இருந்தபோது, தமிழகத்துச் சிப்பாய்கள் தம் தாய்மொழி பேசும் தெருக்களில் துப்பாக்கியோடு நிற்க நேர்ந்ததே, அந்தச் சிப்பாயின் உள்ளத்தை எண்ணிப் பாருங்கள். கட்டளை எங்கிருந்தோ வருகிறது. எதிரே நிற்கும் கிழவி 'தம்பி' என்று அழைக்கிறாள். அத்தகைய நாளில் ஒருவனைக் காப்பது எது? இதற்குத்தான் மூன்றாமவரிடம் செல்லவேண்டும்.

சோழநாட்டு எயினனூரில் வாழ்ந்த ஏனாதிநாதர், அரசர்களுக்கு வாட்பயிற்சி அளிக்கும் ஆசிரியர். அதே தொழிலில் போட்டியிட்டுத் தோற்ற அதிசூரன் என்பவன், வஞ்சனையால் வெல்ல எண்ணி, ஒருநாளும் நீறிடாத தன் நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசி, அதைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு, தனித்துப் போரிட அழைத்தான். வெட்டு விழும் கணத்தில் கேடயத்தை விலக்கினான். வெண்ணீற்றைக் கண்ட ஏனாதிநாதர், இவரைக் கொல்லேன் என்று முடிவு செய்தார். அத்தோடு கதை முடிந்திருந்தால் அது வெறும் பக்திக் கதை. சேக்கிழார் அடுத்த நுட்பத்துக்குச் செல்கிறார். வாளையும் கேடயத்தையும் எறிந்துவிட நினைத்தவர், அப்படி எறிந்தால் நிராயுதபாணியைக் கொன்ற பழி எதிரிக்கு வருமே என்று எண்ணி, அவற்றைக் கைவிடாமல், போரிடுபவர்போலவே எதிர் நின்று, வெட்டை ஏற்றுக்கொண்டார். தன்னைக் கொல்ல வந்தவனுக்குப் பாவம் சேரக்கூடாதே என்று அந்தக் கடைசிக் கணத்தில் கவலைப்பட்டது ஒரு போர்வீரனின் மனம்!

1949-இன் ஜெனீவா உடன்படிக்கைகள், ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டவனைத் தாக்கலாகாது என்று உலகத்துக்கு விதித்தன. எயினனூர் ஆசிரியருக்கு அந்த விதி உள்ளத்திலிருந்தே சுரந்தது. ஏனாதிநாதரைப்போல் உயிரைக் கொடு என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லமாட்டேன். எந்தப் படைத்தலைவரும் சொல்லமாட்டார். அந்தப் பாத்திரம் எனக்குச் சொல்வது வேறு: ஓங்கிய கை நிற்கவேண்டிய இடம் ஒன்று உண்டு, அந்த இடம் எது என்பதைப் போர்க்களத்துக்குப் போகுமுன்னே ஒருவன் தன்னுள் வரையறுத்திருக்கவேண்டும். களத்தில் வரையறுக்க நேரம் இராது.

இனி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். விமானம் ஓட்டுவது கொலைத்தொழில் அல்லவே, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அவள் கேட்டாள். தொடர்பு இருக்கிறது. நம் விமானப் படையின் இலச்சினையில் உள்ள வாசகம், வானத்தைத் தொட்டு ஒளிர்வது என்னும் பொருளுடையது. அது கீதையின் பதினோராவது அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டது. பலரும் அதை வெற்றிமுழக்கமாகக் கருதுகிறார்கள். ஆனால் அந்த இடத்தில் அதைச் சொல்பவன் விசுவரூபத்தைக் கண்டு நடுங்கிக்கொண்டிருக்கும் அர்ச்சுனன். வானளாவிய அந்த உருவத்தைப் பார்த்துத் தன் தைரியமும் அமைதியும் போய்விட்டன என்று அவன் அரற்றுகின்ற சுலோகத்தின் தொடக்கம் அது. தங்கள் கொடிக்குரிய மந்திரத்தை, அஞ்சியவன் வாயிலிருந்து எடுத்தவர்கள் அறிந்தே எடுத்தார்களா என்பதை நான் ஆராயப் போவதில்லை. எனக்கு அது மிகவும் பொருத்தமாகப் படுகிறது. ஆகாயத்தைக் கண்டு அஞ்சத் தெரியாதவன் கையில் விமானத்தைக் கொடுக்கலாகாது.

விமானிகளின் பயிற்சிமுறையே அந்த அச்சத்தை ஒழுக்கமாக மாற்றுகின்ற சாதனையென்று நான் காண்கிறேன். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவரும் ஒவ்வொரு முறையும் செக்லிஸ்டை எடுத்து, ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்த்து மறுமொழி கூற, வரி வரியாகச் செல்கிறாரே, அது நித்திய அனுஷ்டானம் அல்லாமல் வேறென்ன? எனக்குத் தெரியும் என்னும் அகங்காரத்தை நாள்தோறும் கழற்றி வைக்கும் சடங்கு அது. பணிக்கு முன் 12 மணி நேரம் மதுவைத் தொடலாகாது என்பது விதி. மூச்சுப் பரிசோதனை செய்துதான் உள்ளே விடுகிறார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவன் ஒரு மண்டலம் காக்கும் விரதத்தை இவர்கள் வாழ்நாள் முழுவதும் தவணை தவணையாகக் காக்கிறார்கள். தெருவுக்கு ஒரு மதுக்கடை உள்ள ஊரிலிருந்து போகும் பிள்ளைக்கு இதை அழுத்திச் சொல்வதில் தவறில்லை.

லௌகிகக் கணக்கும் இங்கே உண்டு. வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது நிரம்பி, 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். ஆகாய வழிகாட்டல், வானிலையியல், விமானச் சட்டங்கள் முதலிய தேர்வுகளில் தேறவேண்டும். ஆகும் செலவோ பல லட்சம், நடுத்தரக் குடும்பம் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தால்தான் புரட்டக்கூடிய தொகை. ஆகவே முதலில் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொள், கண்ணும் செவியும் இதயமும் தகுதியென்று எழுதிக் கையில் வாங்கியபின் கட்டணம் கட்டு என்றேன். விமானப் படை வழியே போக நினைத்தால், அங்கே விமானிக்கான திறனறி சோதனையை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் எழுதலாம். தவறினால் மறு வாய்ப்பு இல்லை. "ஒரே தடவைன்னா பயமா இருக்கு தாத்தா" என்றாள். அந்தப் பயத்தோடு போ, அது பாதகமில்லை. ஆனால் அதில் தவறினால் நான் ஒன்றுமில்லாதவள் என்ற நினைப்போடு போகாதே என்றேன். பலனில் பற்று வைக்காதே என்னும் உபதேசத்தை அரியணையில் இருப்பவர்களுக்கானது என்று நினைத்திருந்தோம்; பதினெட்டு வயதுப் பெண் தேர்வு மண்டபத்துக்குப் போகையில்தான் அதன் முழுப் பயனும் தெரிகிறது.

பயிற்சி விமானத்தில் மாணவர் முதல்முறை தனியே பறக்கும் நாளைப்பற்றிப் பயிற்சி பெற்ற ஒருவர் எனக்கு விவரித்ததுண்டு. அதுவரை பக்கத்து இருக்கையில் இருந்த ஆசிரியர், ஓடுபாதையருகே நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்து இறங்கிவிடுகிறார். இறங்குமுன், தாம் அமர்ந்திருந்த காலி இருக்கையின் வாரை இழுத்துப் பூட்டுகிறார்; அது தொங்கி ஆடி, கட்டுப்பாட்டுக் கருவிகளில் சிக்கிக்கொள்ளலாகாதல்லவா? பிறகு மாணவர் மேலே போகிறார், பக்கத்தில் யாருமில்லாத, ஆனால் வார் பூட்டிய இருக்கையோடு. குருவின் கடைசிப் பணி, தாம் இல்லாத இடத்தையும் பத்திரமாகக் கட்டிவிட்டு இறங்குவது. இதைக் கேட்டபோது நமது சம்பிரதாயத்தில் சொல்லப்படும் தீக்ஷையின் பொருள் எனக்குப் புதிதாக விளங்கிற்று. அந்த முதல் பயணத்தில் மாணவர் செய்யவேண்டியதெல்லாம் மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, பத்திரமாகத் தரையில் இறங்குவது மட்டுமே. இறங்கும்போது வேகமோ உயரமோ சரியாக அமையவில்லையென்றால், வீம்பு பண்ணாமல் மறுபடி மேலேறி இன்னொரு சுற்று வரவேண்டும் என்று பலமுறை பழக்கிவிட்டுத்தான் அனுப்புவார்களாம். தவறை ஒப்புக்கொண்டு மறுபடி சுற்றி வருவதற்கு அந்தத் தொழிலில் வெட்கமில்லை. மற்றத் தொழில்களிலும் அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

கீதை போரைத் தடுக்கவில்லை. போர் செய்பவனின் ஜுரத்தைத் தடுக்கிறது. சீருடையின்மேலும் இறக்கையின்மேலும் இளமைக்கு வருகின்ற ஆசை பெரும்பாலும் ஜுரமே. அதற்காக யாரையும் குற்றம் சொல்ல இயலாது, எனக்கும் வந்ததுண்டு. ஜுரத்தில் எடுத்த முடிவை ஜுரம் தணிந்தபின் ஒருமுறை எடுத்துப் பார். அப்போதும் அது அதே முடிவாக நின்றால், தயங்காமல் போ. இதைத்தான் அன்று அவர்களிடம் சொல்லத் தொடங்கி, சரியாகச் சொல்லத் தெரியாமல், அவர்களுடைய கொள்ளுத்தாத்தாவின் கதையைச் சொன்னேன்.

நான் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, ஜூலை 14 காலையில் அவர் கறுப்புக் கோட்டை மாட்டி, பிஸ்கட் டப்பாவிலிருந்து பதக்கங்களை எடுத்து மார்பில் குத்திக்கொண்டு, கண்ணாடிபோல் துடைத்த பூட்ஸ் ஒலிக்க, நினைவுச்சின்னத்துக்குப் புறப்படுவார். ஒருமுறை பிடிவாதம் பிடித்து நானும் கூடச் சென்றேன். மலர்வளையம் வைத்து, சல்யூட் அடித்து, எல்லாம் முடிந்தபின், வீட்டுக்குத் திரும்பாமல் மணக்குள விநாயகர் கோயிலுக்கு நடந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றினார். பிறகு மார்பிலிருந்த பதக்கங்களை ஒவ்வொன்றாக, ஊசி கோட்டைக் கிழிக்காதபடி நிதானமாகக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டுக்கொண்டார்.

"ஏன் தாத்தா கழட்டிட்டீங்க? அழகா இருந்துச்சே" என்று கேட்டேன்.

"சாமிகிட்டப் போறப்ப இதெல்லாம் எதுக்குடா? எதுக்காகக் குடுத்தாங்கன்னு அவருக்குத் தெரியும்" என்றார்.

சொல்லி முடித்தபோது கடற்கரையில் விளக்குகள் ஏற்றப்பட்டிருந்தன. அந்த டப்பா இன்னும் வீட்டில் இருக்கிறது என்றாள் பெண். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. சாலைக்கு அப்பாலிருந்த நினைவுச்சின்னத்தைச் சற்று நேரம் பார்த்தான், பிறகு எழுந்து, திரும்பி, கடலைப் பார்த்து நின்றான். அவர்கள் போவார்களா மாட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. அன்று தரிசனம் முடிந்து வெளியே வந்த அந்த வயோதிகர், குனிந்து பூட்ஸை மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டினார்; பதக்கங்களை மறுபடி எடுத்துக் குத்திக்கொள்வார் என்று நான் காத்திருந்தேன். வீடு வந்து சேரும்வரை அவை பைக்குள்ளேதான் இருந்தன, அவர் நடக்கும்போது ஒன்றோடொன்று உரசி மெல்லக் கிணுகிணுத்துக்கொண்டு.